செவலையின் தீனி வரும் வழி: குமரி மாவட்டத்தில் ஒரு மாசி மாதப் பயணம்

வெள்ளிக்கிழமை

அக்கா வீட்டுத் தொழுவத்தில் இப்போது ஒரே ஒரு பசுதான் நிற்கிறது. நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிடுகிறார்கள். ஜெர்சிக் கலப்பு என்றாலும் நெற்றியும் கண்ணும் நாட்டு மாட்டினுடையவை. நான்காவது ஈற்றுக்கு நிறைசினை. அடுப்படிச் சுவரில் ஒரே ஆணியில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. சென்ற ஆண்டுடையதில் சினை ஊசி போட்ட நாள் வட்டமிடப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டுடையதில் ஏறத்தாழ 280 நாள் கழித்து வரும் நாள். அந்த வட்டம் அடுத்த வாரத்தில் விழுகிறது.

கன்று போடுவதைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் இந்த முறை சென்னையிலிருந்து என்னைக் கிளப்பியது அத்தான் போனில் சொன்ன ஒரு சொல். "இந்த ஈற்றோடு மாட்டைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை." அக்கா திருமணமாகி வந்த காலத்தில் இந்தத் தொழுவத்தில் நான்கு மாடுகள் நின்றன. ஒரு மாட்டுக்கே தீனி கட்டுப்படியாகவில்லை என்றால், முன்பு நான்குக்கும் எங்கிருந்து வந்தது? இங்கே தங்கும் நாட்களில் அதைத்தான் நடந்து பார்க்கப்போகிறேன்.

வீடு இருப்பது திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். நாகர்கோவிலில் இறங்கி, தக்கலை வழியாகக் குலசேகரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். நிறுத்தத்திலிருந்து இடவழியில் கால்மணி நேர நடை. மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டில் வீடுகள் தெருவாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். மேற்கே வந்துவிட்டால் ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக இருக்கும். சுற்றித் தென்னை, பலா, அயினி, நல்லமிளகுக் கொடி ஏறிய முருங்கை, கொஞ்சம் மரச்சீனி என்ற மரவள்ளி, அதற்கப்பால் ரப்பர். பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உரக்கக் கூப்பிட்டால் பதில் வரும்.

மாலையில் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மேல்வீட்டு மாமியின் புறவாசலில் ஒரு மண்பானை இருக்கிறது. காலையிலிருந்து அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் சேர்கின்றன. அடுத்து ஆசாரி வீடு, பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியை வீடு. எங்கும் யாரையும் கூப்பிடவில்லை, கதவைத் தட்டவுமில்லை. பானையைக் கவிழ்த்து வாளியில் ஊற்றி, கழுவிக் குப்புற வைத்துவிட்டு வருகிறாள். நான்கு வீட்டுக் காடியோடு தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சேர்ந்தால் செவலையின் இரவுச் சாப்பாடு.

"சும்மா தருகிறார்களா அக்கா?" என்று கேட்டேன்.

"சும்மா எப்படி? சாணி அவர்கள் தென்னைக்குப் போகிறது. டீச்சர் வீட்டுக்குக் காலையில் பால். ஆசாரி அண்ணன் தொழுவத்துக் கூரையைப் பார்த்துக்கொள்வார்," என்றாள்.

எந்த நோட்டிலும் எழுதாத கணக்கு. இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் ரப்பர்த் தோட்டங்களில் தலைவிளக்குகள் நகர்ந்துகொண்டிருக்கும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இப்போது ஒரு விளக்கும் இல்லை. தை, மாசியில் ரப்பர் இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்க்கிறது, அந்த நாட்களில் பால் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். சிரட்டைகள் மரங்களில் கவிழ்ந்து கிடந்தன.

கீழவிளைப் பாட்டா நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். வெட்டு இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "முன்பெல்லாம் இந்த மாதத்தில்தான் வேலை அதிகம், மக்களே," என்றார். அவருடைய இளமையில் கீழே பள்ளம் முழுவதும் நெல். மாசியில் கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் அறுவடை, களத்தில் சூடடிப்பு, வைக்கோலைப் படப்பாகக் குவித்தல். அந்தப் படப்புகளைத் தின்றுதான் நான்கு மாடுகள் இருந்தன. என் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. நெல் வயலாக இருந்த அந்தப் பள்ளத்தில், இங்கே ஏலா என்பார்கள், முதலில் வாழை வந்தது, பிறகு தென்னை, இப்போது ரப்பரும் நிற்கிறது. நீர் தேங்கும் மண்ணில் ரப்பர் சரியாக வராது என்று பாட்டா சொல்கிறார். ஆனாலும் நட்டிருக்கிறார்கள். நெல்லுக்கு ஆள் கிடைப்பதில்லை, ரப்பருக்கு ஓர் ஆள் போதும்.

ரப்பர் நிழலில் மாட்டுக்கு அதிகம் கிடைப்பதில்லை. இளங்கன்று நட்ட தோட்டத்தில் மண்ணைக் காக்கப் படரவிடும் கொடிப்பயறு இருக்கும். மரம் உயர்ந்து கிளைகள் மூடியதும் அதுவும் போய்விடுகிறது. ஆடுகள் பரவாயில்லை. மேல்வீட்டு மாமி நான்கு ஆடு வளர்க்கிறார். அவற்றுக்கு முக்கிய உணவு பலா இலை. சக்கை மரத்தின் கிளையை வெட்டி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், ஆடுகள் பின்னங்காலில் எழுந்து நின்று தின்கின்றன. தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாமல் விட்டுவிடும் என்றார்.

மரச்சீனித் தோட்டத்தின் பக்கம் மட்டும் ஆட்டை விடமாட்டார். அந்த இலையில் சயனைடு விஷம் ஊறும். பச்சையாக வயிறு நிறையத் தின்ற ஆடு, வாயில் நுரை தள்ளி, மருத்துவர் வருமுன் முடிந்துவிடும். ஓர் ஆட்டை அப்படி இழந்திருக்கிறார். கிழங்குத் தோலையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டுக்குப் போடுகிறார்கள். மனிதன் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தின்கிறான். ஆட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்த மாதத்தில் ரப்பர்த் தோட்டத்தில் வயிறு நிறையச் சாப்பிடும் உயிர் ஒன்று உண்டு: தேனீ. பாட்டாவின் விளைக்கு அப்பால் ஓர் அண்ணன் மரங்களுக்கிடையில் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டியும் ஒற்றைக் காலில் நிற்கிறது. எறும்பு ஏறாமல் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். ரப்பர்ப் பூவில் தேன் எடுக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அவர் தாழ்ந்த கிளையை இழுத்துத் தளிரைக் காட்டினார். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் கடுகளவு சுரப்பிகள். அதில் மின்னிய துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், இனித்தது. இலை செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வாரங்களில் இந்தச் சுரப்பு அதிகம். மார்த்தாண்டம் தேன் என்று நாடெங்கும் விற்பதில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இந்த இலைக்காம்பிலிருந்து வருகிறது. அந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், கோழி முட்டையைக் கூட்டாக விற்கவும் பெட்டியில் தேனீ வளர்க்கவும் இந்தப் பகுதி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த அண்ணனின் தாத்தா அங்கே கற்றவர்களிடம் கற்றவர். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களை வைரஸ் நோய் தாக்கியது. புழு நீர் கோத்த பையாகி பெட்டிக்குள்ளேயே செத்தது. அப்பாவின் பெட்டிகள் அத்தனையும் காலியானதை அவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார். பிழைத்த கூட்டங்களிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். "மழைக்காலத்தில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றினால்தான் மாசியில் நம்மைக் காப்பாற்றும்," என்றார். சந்தையில் தேன் வாங்கும்போது இந்த ஆறுமாதச் சோறு போடுதல் நம் கணக்கில் வருவதே இல்லை.

செவலை இன்று நன்றாகத் தின்றது. மடி இன்னும் இறுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

நீண்ட நடை இல்லை. காலையில் கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்துக் கேட்டன. மாமி வீட்டில் தவக்காலம் தொடங்கியிருக்கிறது, ஆகவே மீன்காரரின் வண்டி அவர்கள் படலில் நிற்காமல் எங்கள் படலுக்கு வந்தது. சாளை வாங்கினோம். சம்பா அரிசிச் சோறு, தேங்காயும் புளியும் அரைத்துவிட்ட குழம்பு. மாமிக்கு மீன் இல்லாத நாட்களில் இங்கிருந்து மோர் போகிறது.

வெயில் தாழ்ந்ததும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் போய் வணங்கினேன். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் குடமுழுக்கு நடந்த கோயில். பள்ளிகொண்ட பெருமாள் 22 அடி நீளம். மூன்று வாசல் வழியாகத்தான் முழுவதும் காணமுடியும். கோதையாறும் பரளியாறும் கோயிலைச் சுற்றி வந்து மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. கூடும் இடத்தில் ஒருவர் தன் எருமையைக் கல்லால் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமைக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை

பச்சைப்புல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சிற்றாறு பட்டணங்கால் கால்வாயின் கரையோடு மாத்தூர் வரை நடந்தேன். அக்காவுக்குப் புல் அறுத்துத் தரும் பெண்ணும் உடன் வந்தார். நான் அவரை மலையாளத்தில் சேச்சி என்று கூப்பிட, "அக்கா என்று கூப்பிடு மக்களே, போதும்," என்றார்.

கால்வாய்க் கரைப் புல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எந்த இடத்தை யார் அறுப்பது என்பதில் ஒழுங்கு இருக்கிறது. பாலத்திலிருந்து புன்னை மரம் வரை இந்த அக்கா. அங்கிருந்து மதகு வரை வேறொருவர். ஒரு பக்கம் அறுத்து முடித்து மறுபக்கம் போய் வருவதற்குள் முதல் பக்கம் தழைத்துவிடும். தன் எல்லையைத் தாண்டி அவர் ஒரு பிடி அறுக்கவில்லை. எல்லைக்கு அப்பால் புல் முழங்கால் உயரம் நின்றது. "அவளுக்குக் காய்ச்சல். நாளை வந்து அறுப்பாள்," என்றார்.

மாட்டுக்கு உகந்த புல், உகாத புல் எல்லாம் அவர் விரலுக்குத் தெரிகிறது. அருகும் தண்டு மெலிந்த புற்களும் அரிவாளுக்குள் போகின்றன. தொட்டாற்சுருங்கியை ஒதுக்குகிறார். கரையின் சில பகுதிகளில் களைக்கொல்லி தெளித்திருக்கிறார்கள், புல் பழுப்பாகக் கருகிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மாதத்துக்குப் போகமாட்டார். யார் தெளித்தது என்று கேட்கவில்லை. ஒரு மாட்டின் பத்து நாள் உணவு அரை மணி நேரத்தில் கருகியிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் படங்களில் பார்த்தவர்களுக்குக்கூட நேரில் அதன் உயரம் திகைப்பூட்டும். இரண்டு குன்றுகளுக்கு இடையே, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் தொட்டியில் கால்வாய் ஆற்றைக் கடக்கிறது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வறட்சியைப் போக்கக் காமராஜர் முதல்வராக இருந்தபோது திட்டமிட்டு, 1966-இல் கட்டி முடித்தார்கள். பயணிகள் தொட்டியின் ஓரப் பாதையில் நடந்து கீழே எட்டிப்பார்க்கிறார்கள். புல்லறுக்கும் அக்கா ஒரு முறையும் எட்டிப்பார்க்கவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு போகிறது என்றுதான் பார்த்தார். இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள், பிறகு கரை காயும், புல் குறையும். வைகாசி கடைசி மழைக்குப் பிறகுதான் மறுபடி தழைப்பு.

படிகளில் இறங்கி ஆற்றுக்குப் போனோம். தூண்களுக்கு அடியில் இரண்டு மாடுகள் மேய்ந்தன. ஒவ்வொன்றின் காலடியிலும் உண்ணிக்கொக்குகள் கூடவே நடந்தன. மாடு கால் எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து எழும் பூச்சிகளைப் பிடிக்கின்றன. ஒரு கரிச்சான் மாட்டின் முதுகிலிருந்தே பறந்து பறந்து வேட்டையாடியது. நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். திரும்பும்போது புல்கட்டை நானும் சிறிது தூரம் சுமந்தேன். ஈரப்புல்லின் கனம் கழுத்து நரம்பில் இறங்குகிறது. அவர் அதைத் தினமும் சுமக்கிறார். ஒரு கட்டுக்கு அவருக்குக் கிடைக்கும் பணம் சென்னையில் இரண்டு தேநீருக்குக் காணாது. இதைச் சொல்லாமல் கட்டுப்படியாகும் கணக்கு பேசுவது சரியில்லை.

செவ்வாய்க்கிழமை

அத்தானோடு குட்டியானை வண்டியில் நாஞ்சில் நாட்டுக்கு வைக்கோல் ஏற்றப் போனோம். தக்கலை தாண்டி, நாகர்கோவில் ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து, தேரூர்ப் பக்கம் வந்ததும் கண்ணுக்கு முன்னால் வானம் விரிந்தது. மேற்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். இங்கே அடிவானம் வரை அறுத்த தாள், அதற்கப்பால் மலை.

கும்பப்பூ அறுவடை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மேலே மலையில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் தேக்கும் தண்ணீர்தான் இந்த வயல்களுக்கு உயிர். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906-இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்த பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கருகிலேயே இருக்கிறது. நூற்றாண்டைக் கடந்தும் அந்தத் தண்ணீரில்தான் அரிசி விளைகிறது, அந்த வைக்கோல் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து அக்கா வீட்டுப் பசுவுக்கு வருகிறது.

அத்தான் வைக்கோல் வாங்கும் விதத்தைப் பார்த்தேன். ஒரு கைப்பிடி உருவி முகர்கிறார். மக்கிய வாடை இருந்தால் வேண்டாம். பிறகு முறுக்கிப் பார்க்கிறார். இயந்திரம் அறுத்த வைக்கோல் நசுங்கித் துண்டாகிவிடுகிறது, சேறு ஒட்டியிருக்கும், செவலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கையால் அறுத்துக் களத்தில் அடித்த நீளவைக்கோலுக்கு விலை கூடுதல், இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். கும்பப்பூ வைக்கோலை ஆண்டு முழுவதற்கும் இப்போதே சேர்த்துவிட வேண்டும். முதல் போகமான கன்னிப்பூவின் அறுவடை மழையில் மாட்டிக்கொண்டால் வைக்கோல் கறுத்துவிடும்.

வயல்காரர் பெரியவர். அவரிடம் மாடே இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், பாலுக்குப் பாக்கெட். "உங்களிடம் வயல் இல்லை, மாடு இருக்கிறது. என்னிடம் வயல் இருக்கிறது, மாடு இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் யாரும் வைக்கோலுக்கு வண்டி வாடகை கொடுத்ததில்லை," என்றார் அத்தானிடம். அத்தானின் கணக்கு இடிக்கும் இடம் இதுதான். வைக்கோல் விலையும் வண்டி வாடகையும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. பெரியவரின் வயலுக்கும் தொழுவுரம் வேண்டும். அதை அவர் வேறெங்கிருந்தோ விலைக்கு வாங்குகிறார். வைக்கோல் ஏற்ற இங்கே வரும் வண்டி காலியாக வருகிறதே, அடுத்த முறை சாணியுரம் ஏற்றிவந்தால் என்ன என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே பதில் சொல்லவில்லை.

அறுத்த வயல்களில் ஒரு வாத்துக் கூட்டம் மேய்ந்தது. வெளியூரிலிருந்து வாத்தோடு வந்து, வயலோரம் படுதா கட்டித் தங்கி, உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, அடுத்த ஊருக்கு நகரும் குடும்பம். கம்பின் நுனியில் கட்டிய துணியை ஒருவர் இடப்பக்கம் சாய்த்தால் கூட்டம் முழுவதும் மழைநீர் ஓடுவதுபோல இடப்பக்கம் ஒழுகுகிறது. விடியற்காலையில் பட்டிக்குள் முட்டை பொறுக்கிவிட்டுத்தான் வாத்துகளைத் திறந்துவிடுவார்களாம்.

தேரூர்க் குளத்தில் கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் இருந்தன. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளை 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். குளத்துக்கு ராம்சர் கிடைத்தது நல்லது. சுற்றியுள்ள வயல் மனைகளாக மாறிக்கொண்டே போனால் குளத்துப் பறவை எங்கே மேயும்? சாலையோரம் கற்கள் நட்ட மனைகளைப் பார்த்துக்கொண்டே திரும்பினோம்.

வியாழக்கிழமை

நேற்று எழுதவில்லை. எழுதும் நிலை இல்லை.

நேற்றுக் காலையிலேயே செவலையின் வாலடியில் இருபுறமும் குழி விழுந்திருந்தது. அக்கா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு இளகிவிட்டது. இன்று இரவு தாண்டாது," என்றாள். மடி இறுகிப் பளபளத்தது, காம்புகள் விறைத்தன. மாலையில் காடி வைத்தபோது இரண்டு வாய் குடித்துவிட்டு நிறுத்தியது. எழுவதும் படுப்பதும், வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. தொழுவத்தைக் கழுவிப் புதுவைக்கோல் பரப்பினோம். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்த வைக்கோல்.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மாமி டார்ச் விளக்கோடு வந்தார். பிறகு பாட்டா, பிறகு ஆசாரி அண்ணன். டீச்சர் ஃபிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தனுப்பினார். யாரும் தொழுவத்துக்குள் போகவில்லை. பசு கூச்சப்படும் என்று வெளியே திண்ணையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் உள்ளே.

ஒரு மணிக்குப் பனிக்குடம் வந்து உடைந்தது. பிறகு இரண்டு குளம்புகள். அடிப்பக்கம் தரையைப் பார்த்திருந்தால் முன்னங்கால்கள் என்று பாட்டா எட்டிப் பார்த்துச் சொன்னார், பார்த்திருந்தது. கால்களுக்கு மேல் மூக்கு தெரிந்தால் கவலையில்லை. மூக்கு தெரியவில்லை. கால்மணி நேரம் அந்த இரண்டு குளம்புகள் வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. அத்தான் போனை எடுத்து 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைத் தயாராக வைத்திருந்தார். அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தாள். "தலை இருக்கிறது. சற்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது." அவள் இழுக்கவில்லை. தலையை நேராக்கிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த முக்கலில் மூக்கு வந்தது, நாக்கு வெளியே நீட்டியபடி. அதற்கடுத்த முக்கலின்போது அவளும் மாமியும் கால்களைப் பிடித்துப் பசுவின் முக்கலோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்தார்கள். தோள் தாண்டியதும் கன்று முழுவதும் வழுக்கி வைக்கோலில் விழுந்தது.

சில நொடிகள் அசைவே இல்லை. மாமி அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை விரலால் வழித்தெடுத்து, ஒரு வைக்கோல் நுனியை மூக்குக்குள் விட்டுக் கிளறினார். கன்று தும்மியது. திண்ணையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் அழுதுவிட்டேன். அழுததில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

தொப்புள் கொடியை நூலால் கட்டி அறுத்து அயோடின் தடவினார்கள். செவலை தலை முதல் வால் வரை நக்கிக் காயவைத்தது. கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் காம்பைத் தேடிப் பிடித்துவிட்டது. முதல் சீம்பால் கன்றுக்கு மட்டுமே என்பதில் அக்கா கண்டிப்பானவள். பிறந்த சில மணி நேரத்துக்குள் உள்ளே போகும் அந்தப் பாலில்தான் நோயை எதிர்க்கும் சக்தி எல்லாம் இருக்கிறது. நேரம் கடந்தால் கன்றின் குடல் அதை அப்படியே ஏற்காது.

நஞ்சுக்கொடி விழக் காலை ஏழு மணி ஆயிற்று. அதுவரை பசு அதைத் தின்றுவிடாமல் அத்தான் காவல் இருந்தார். விழுந்ததும் வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பாட்டா கொண்டுபோய் அயினி மரத்தில் உயரத் தொங்கவிட்டார். பாலுள்ள மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. நாய் இழுக்காமல் இருக்கவும் அது வழி.

கன்று குடித்தது போக மீந்த சீம்பாலைக் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தாள் அக்கா. துண்டு போட்டு, காடி தரும் வீடுகளுக்கெல்லாம் கிண்ணங்களில் கொண்டுபோனேன். புல்லறுக்கும் அக்கா வீட்டுக்கும் போனேன், கால்வாய்க்கு அந்தப் பக்கம். பால் கொண்டுபோன பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். மாமி ஒரு பிடி அரிசி போட்டுத் தந்தார், டீச்சர் நாலு மட்டிப்பழம், ஆசாரி வீட்டில் நல்லமிளகு. கால்வாய்க்கரை அக்கா கிண்ணத்தில் போட ஒன்றும் தேடவில்லை. உடனே அரிவாளை எடுத்துக்கொண்டு போய், இளம்புல்லாகப் பார்த்து ஒரு கட்டு அறுத்து, "ஈன்ற மாட்டுக்கு," என்று என் தலையில் ஏற்றிவிட்டார். பணம் பேச்சே வரவில்லை.

சனிக்கிழமை

நாளை பஸ் ஏறுகிறேன். செவலை நன்றாகத் தின்கிறது, பால் வெள்ளை திரும்பிக்கொண்டிருக்கிறது. ஈன்ற பிறகு சுண்ணாம்புச்சத்து குறைந்து மாடு படுத்துவிடும் அபாயம் உண்டு என்பதால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று இரவு திண்ணையில் பேச்சு நடந்தது. கால்வாய்க்கரை அக்காவும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். கன்று பால்குடி மறந்ததும் அவர்கள் வளர்க்கட்டும் என்று முடிவாயிற்று, பாதிக்கு. வளர்ந்து தலையீற்று ஈன்றதும் விலை மதித்து ஆளுக்குப் பாதி, அல்லது பசுவை அவர்களே வைத்துக்கொண்டு பாதி விலையைத் தவணையாகத் தருவது. அதுவரை புல் அவர்கள் பொறுப்பு, ஊசியும் மருந்தும் அத்தான் பொறுப்பு. பாட்டாதான் சாட்சி. எழுதிக்கொள்ளலாமா என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

செவலையைக் கொடுப்பதைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை, அத்தானும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை அவர் தேரூர்ப் பெரியவருக்குப் போன் செய்தார். நீளவைக்கோல் இன்னொரு நடை வேண்டும், புதன்கிழமை வருகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வரும்போது எத்தனை சாக்கு சாணியுரம் கொண்டுவரட்டும்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்: முப்பது.